வீட்டு விஷயம் மட்டும்

786
காயல்பட்டினம், 22-12-1990

மருமகன் காஜா முகைதீன் அவர்களுக்கு மாமி ஹமீது பீவி ஸலாம் கூறி எழுதுவது.

இங்கே எல்லோரும் அல்லாஹ்வின் கிருபையால் நடமாடுகிறோம். நஃபீஸத்துக்கு மட்டும் கால் வீங்கியிருக்கிறது. ரஜப் பிறை கண்டதும் பிள்ளை பிறக்கும் என்று மருத்துவச்சி சொல்கிறாள். தலைப்பிள்ளை ஆனதால் என் மகள் பயப்படுகிறாள். நான் பயப்படுவதாகக் காட்டிக்கொள்வதில்லை.

உங்கள் கடிதத்தில் அவள் கால் வீக்கத்தைக் கேட்டிருக்கிறீர்கள், கிணற்றுத் தண்ணீரைக் கேட்டிருக்கிறீர்கள், முருங்கை காய்த்ததா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் திரும்பத் திரும்பக் கேட்பதற்குத்தான் பதில் இல்லை. எப்போது வருகிறீர்கள்? குவைத்தை இராக் பிடித்து ஐந்து மாதமாகப் போகிறது. உங்கள் சவூதியில் அமெரிக்காப் பட்டாளம் இறங்கி நிற்கிறது. அடுத்த மாதம் சண்டை என்று ரேடியோவில் தேதி சொல்கிறார்கள், கல்யாணத்துக்கு நாள் குறித்த மாதிரி. அந்தத் தேதிக்கு முன்னால் நீங்கள் இந்த வீட்டில் இருக்க வேண்டும்.

பின் தெரு பீர் மைதீன் குவைத்தில் துணிக்கடையில் நின்றவன்தானே. போகும்போது கன்னம் பளபளவென்று போனான். செப்டம்பரில் ஜோர்டான் பாலைவனத்துக் கூடாரத்தில் கிடந்து, சர்க்கார் விமானத்தில் பம்பாய் வந்து, உடுத்திய கைலியோடு வாசலில் நின்றான். அவன் உம்மாவே அடையாளம் தெரியாமல், “யாருப்பா வேணும்?” என்று கேட்டுவிட்டாள். இருந்தாலும் வந்து நின்றான். அதைத்தான் சொல்கிறேன்.

உங்கள் மாமாவும் எண்பத்து மூன்றில் கொழும்பில் கடை எரிந்து இப்படித்தான் வந்தார். எங்கேயோ நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒன்றை முடிவு செய்கிறார்கள். அது கப்பலேறி ரயிலேறி, கடைசியில் நம் வாசலில் ஒரு தகரப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறது.

எழுத்து பொடியாக இருக்கிறது என்று போன தடவை சொல்லியிருந்தீர்கள். பள்ளிக்கூடத்தில் ஐந்து வரை படித்த தமிழெழுத்து எனக்கு நடக்கும். பெண்கள் தைக்காவில் ஓதிப் படித்த அரபெழுத்து ஓடும். அதனால்தான் நம் தமிழை அரபெழுத்தில் எழுதுகிறேன். என் உம்மாவும் கொழும்புக்கு இப்படித்தான் எழுதினாள். உங்களுக்கும் உங்கள் உம்மா சொல்லிக் கொடுத்ததுதானே. கண்ணைச் சுருக்கி வாசியுங்கள். பதிலைச் சுருக்காதீர்கள்.

ஹமீது பீவி


அல்கோபார், 4-1-1991

மதிப்புக்குரிய மாமிக்கு காஜா முகைதீன் எழுதியது. வஅலைக்குமுஸ்ஸலாம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. இதை நீங்கள் மட்டும் வாசியுங்கள். நஃபீஸத்திடம் கொடுக்க வேண்டாம்.

நான் வரமாட்டேன் என்று சொல்லவில்லை, மாமி. என்னால் வர முடியவில்லை. என் பாஸ்போர்ட் முதலாளி அரபியிடம் இருக்கிறது. அவர் போன மாதமே குடும்பத்தோடு ஜித்தாவுக்குப் போய்விட்டார். கடைச் சாவியை என்னிடம் கொடுத்தார், பாஸ்போர்ட்டைக் கொடுக்கவில்லை. போன் செய்தால், “இன்ஷா அல்லாஹ், நாளை” என்கிறார். என் கையில் இக்காமா என்கிற தங்கும் அனுமதி ஒன்றுதான். அதைக் காட்டி இந்த ஊருக்குள் நடக்கலாம், ஊரை விட்டுப் போக முடியாது. காசுக்கு ஆசைப்பட்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று நீங்கள் நினைத்துக்கொள்வது எனக்குத் தெரியும். உண்மையைச் சொல்வதைவிட அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கடையில் வியாபாரம் நன்றாக நடக்கிறது. அமெரிக்கச் சிப்பாய்கள் வந்து தலையணை வாங்குகிறார்கள். நேற்று வந்தவனுக்கு மீசை கூட முளைக்கவில்லை. தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டே லாரியில் ஏறினான். அவனும் யாரோ சொல்லி வந்தவன்தான்.

கடைக்கு மேல் அறையில் நானும் திரூர்க்காரர் ஹம்ஸாவும் இருக்கிறோம். விஷ வாயு வரும் என்கிறார்கள். முதலாளி வீட்டுக்கு முகமூடி கிடைத்தது. எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஈரத் துண்டு போதும் என்று ஹம்ஸா சொல்கிறார். போதும் என்று நானும் சொல்கிறேன்.

முக்கியமான ஒன்று. உங்கள் கடித உறை ஓரத்தில் பிரித்து வேறு டேப்பால் ஒட்டி வந்தது. இங்கே தபாலைப் பார்க்கிறார்கள். ஆகவே குவைத், பீர் மைதீன், ரேடியோ எதுவும் எழுத வேண்டாம். ஊரில் என்ன நடந்தாலும் எழுத வேண்டாம். வீட்டு விஷயம் மட்டும் எழுதுங்கள்.

இன்னொன்று. ஆண் பிள்ளை பிறந்தால் என் வாப்பாவின் பெயர், மீரான். பெண் என்றால் உங்கள் இஷ்டம். நம் ஊர் வழக்கப்படி நிக்காஹ் ஆன நாளிலிருந்து உங்கள் வீட்டில் இருப்பவன் நான். வீடு உங்களுடையது, கட்டில் உங்களுடையது, குடிக்கிற தம்ளரில் கூட உங்கள் பெயர் வெட்டியிருக்கிறது. பிள்ளையின் பெயரிலாவது என் வீட்டு வாசனை கொஞ்சம் இருக்கட்டும், மாமி.

காஜா முகைதீன்


அல்கோபார், 24-1-1991

மாமிக்கு,

போர் தொடங்கி ஒரு வாரம் ஆகிறது. போன் கிடைக்கவில்லை. பிள்ளை பிறந்ததா? நஃபீஸத் எப்படி இருக்கிறாள்? தந்தி அடித்திருந்தாலும் எனக்கு வந்து சேரவில்லை.

ஏவுகணை வரும்போது சங்கு ஊதுகிறார்கள். நம் ஊரில் நோன்பு திறக்க ஊதுவார்களே, அதே சத்தம். முதல் நாள் அதைக் கேட்டதும் எனக்குப் பசித்தது. பிறகுதான் தெருவில் எல்லோரும் ஓடுவதைப் பார்த்தேன். குளியலறையில் சன்னல் இல்லை என்பதால் நானும் ஹம்ஸாவும் அங்கே உட்காருகிறோம். கதவிடுக்கில் டேப் ஒட்டி, ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொள்கிறோம். மேலே இடிக்கிற சத்தம் கேட்டால் எங்கேயோ விழுந்துவிட்டது, நமக்கில்லை என்று அர்த்தம். சத்தம் வரும் வரைக்கும்தான் கஷ்டம்.

இந்தக் கடிதம் எழுதுவது அதற்காக இல்லை. பக்கத்துக் கடை ஏமன் நாட்டுக்காரரை முந்தாநாள் கூட்டிப் போய்விட்டார்கள். அவருக்கு ஊரிலிருந்து வந்த கடிதத்தில் ஒரு பெயர் இருந்ததாம். எந்தப் பெயர் என்று நான் எழுதமாட்டேன், உங்களுக்குத் தெரியும். எங்கே கொண்டு போனார்கள் என்று அவர் தம்பிக்கே தெரியவில்லை. கடை ஷட்டர் பாதி இறங்கியபடி நிற்கிறது. அதைத் தாண்டித்தான் நான் தினமும் தண்ணீர் எடுக்கப் போகிறேன்.

மாமி, இனி அரபெழுத்தில் எழுதாதீர்கள். நம் தமிழ் அவர்களுக்குப் புரியாது, ஆனால் எழுத்து அவர்களுடையது. தெரிந்த எழுத்தில் புரியாத பேச்சு இருந்தால் அதைச் சங்கேதம் என்றுதான் நினைப்பார்கள். தமிழெழுத்தில் கோணலாக நாலே வரி எழுதினாலும் போதும். உங்கள் எழுத்து அழகு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இப்போது அந்த அழகுதான் பயமாக இருக்கிறது.

காஜா முகைதீன்


786
காயல்பட்டினம், 25-1-1991

மருமகனாருக்கு மாமியின் ஸலாமும் முபாரக்கும்.

ஆண் பிள்ளை! ரஜப் பிறை இரண்டு, வெள்ளிக்கிழமை, சுபுஹு பாங்கு சொல்லும்போது பிறந்தான். தாயும் பிள்ளையும் சுகம். தந்தி அடித்தோம், கிடைத்திருக்கும். உங்கள் கடிதமும் வந்தது. பாஸ்போர்ட் விஷயம் என் வயிற்றில் கிடக்கிறது, மகளுக்குத் தெரியாது. நீங்கள் சொன்னபடி ஊர்ப் பேச்சு ஒன்றும் எழுதமாட்டேன். பெரிய தெருவில் தினமும் என்ன சத்தம், யார் யார் கடையடைத்தார்கள் என்பதையும் எழுதமாட்டேன். வீட்டு விஷயம் மட்டும்.

நேற்று ஏழாம் நாள் ஆடறுத்து அகீகா கொடுத்துப் பெயர் வைத்தோம். இதில் நீங்கள் கோபப்படக் கூடாது. லெப்பை பிள்ளையின் காதில் பாங்கு சொல்லி, “மீரான்” என்று வாயெடுத்தார். நான்தான் திரைக்குப் பின்னால் இருந்து, “லெப்பை, கொஞ்சம் பொறுங்கோ” என்றேன். ஊரே ஒரே பெயரைச் சொல்லி நிற்கிற வாரத்தில் பிறந்தவன். அந்தப் பெயரை விட்டுவிட்டு வேறு பெயர் வைத்தால் நாளைக்குப் பிள்ளையே என்னைக் கேட்பான். சதாம் என்று வைத்துவிட்டோம். நம் தெருவில் மட்டும் இந்த வாரம் மூன்று சதாம். ஆனால் நம் சதாம்தான் மூத்தவன். மீரான் அடுத்த பேரனுக்கு.

சதாம் நிறம் உங்களைப் போல, மூக்கு என்னைப் போல. சதாம் இரவெல்லாம் விழித்திருக்கிறான், பகலில்தான் அடங்குகிறான். சதாம் கத்தினால் தெருவே எழுந்துவிடுகிறது. எதிர்வீட்டு அக்தர் பானு, “சதாமுக்கு என்ன கோவம்? வாப்பா வரலன்னுதானா?” என்று கேட்டுச் சிரிக்கிறாள். சதாம் வந்த பிறகுதான் இந்த வீட்டுக்கு வீரம் வந்திருக்கிறது. யாருக்கும் பயமில்லை இப்போது. சதாமின் கையைப் பிரித்துப் பார்த்தேன், நல்ல ரேகை. எவ்வளவு பெரியவன் எதிர்த்தாலும் இவன் தோற்கமாட்டான்.

ஒரே ஒரு மனக்குறை. பெயர் சொன்னதும் பீர் மைதீன் சோற்றில் கை வைக்காமல் எழுந்து போய்விட்டான். சஹனில் கூட உட்கார்ந்திருந்த மூவரும் திகைத்துவிட்டார்கள். ஒரு தட்டத்தில் சாப்பிட உட்கார்ந்துவிட்டு இப்படி எழுந்து போவது என்ன மரியாதை? அவன் உம்மாவிடம் கேட்டுக்கொள்கிறேன்.

ஹமீது பீவி


786
காயல்பட்டினம், 9-2-1991

மருமகனாருக்கு,

இது தமிழெழுத்து. பிழை இருக்கும். ‘ழ’ வரும் இடத்தில் கை நின்று நின்று போகிறது.

உங்கள் 24-ம் தேதிக் கடிதம் நேற்று வந்தது. வாசித்ததும் அடுக்களையில் போய் உட்கார்ந்துவிட்டேன். “என்ன உம்மா, அவங்களுக்கு ஒண்ணும் இல்லியே?” என்று நஃபீஸத் கேட்டாள். “ஒண்ணுமில்ல, அங்கன குளிராம்” என்றேன்.

நிக்காஹ் ஆனதற்குப் பிறகு நான் பெரிய தெருவைப் பகல் வெளிச்சத்தில் கடந்ததில்லை. எங்கே போனாலும் பெண்கள் போகிற முடுக்கு வழியாகத்தான். நேற்று பெரிய தெருவைக் கடந்து போஸ்டாபீஸ் வாசலில் போய் நின்றேன். தபால்காரர் முத்துமாலை என்னைக் கண்டதும் கையில் இருந்த கட்டைக் கீழே வைத்துவிட்டார்.

“என்ன உம்மா, நீங்க இங்கன?”

“போன மாசக் கடைசில நான் போட்ட லெட்டர் எனக்கு வேணும்.”

“அது எப்படி உம்மா இருக்கும்? அன்னைக்கே தூத்துக்குடி போயிருக்கும். இப்ப பம்பாயும் தாண்டியிருக்கும்.”

“தந்தி அடிச்சி நிறுத்துங்க.”

“லெட்டர நிறுத்த தந்தி கிடையாது உம்மா” என்றார். பிறகு, “சண்டை நடக்குதுல்லா, விமானமே போவலயோ என்னமோ. பம்பாய்லயே மூட்டையில கெடக்கும். போய்ச் சேந்திருக்காது” என்றார். எங்கள் கடிதங்களெல்லாம் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்று துஆ கேட்டவள் நான். நேற்று ராத்திரி அது தொலைந்து போக வேண்டும் என்று கேட்டேன்.

திரும்பும்போது பீர் மைதீன் வீட்டுக்குப் போனேன். சண்டைக்குப் போகவில்லை. “ஏன் வாப்பா அன்னைக்கி எந்திரிச்ச?” என்று மட்டும் கேட்டேன். பாயை விரித்து உட்காரச் சொன்னான்.

“அந்தப் பேரச் சொல்லிக்கிட்டு வந்த பட்டாளந்தான் மாமி எங்க கடைய ஒடச்சிது. எங்கூட வந்த தெக்குத் தெரு கனிய வழியில நாந்தான் மணல்ல அடக்கினேன். ஊருல மாரடைப்புன்னு சொன்னோம். தண்ணி கெடைக்காமத்தான் செத்தான். இங்க வந்தா செவுரெல்லாம் அந்தப் பேரு. எனக்கு எப்படி மாமி சோறு எறங்கும்?”

“அப்ப குண்டு போடுதவன் நல்லவனா?”

“அவன் எதுக்கு நல்லவன்? எண்ணெய்க்கு வந்தவன். ரெண்டு பேருக்கும் நடுவுல ஒல வச்சிப் பொங்கித் தின்னவங்க நாங்க. எங்க பேர யாரு புள்ளைக்கி வச்சா?”

எழுந்து வீட்டுக்கு வந்து பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டேன்.

பிள்ளை நன்றாக இருக்கிறான். பிள்ளை பால் குடிக்கிறான். இனி பிள்ளை என்றுதான் எழுதுவேன். அந்தக் கடிதம் வந்தால் வாங்காதீர்கள். உங்களுடையது இல்லை என்று சொல்லிவிடுங்கள். மாமியார் என்று எனக்கு யாருமே இல்லை என்று சொன்னாலும் நான் வருத்தப்படமாட்டேன்.

ஹமீது பீவி


786
காயல்பட்டினம், 28-2-1991

மருமகனாருக்கு,

பதில் இல்லை. ஒரு வரி போடுங்கள். ஒரு வரி வேண்டாம், உறையில் என் விலாசத்தை மட்டும் உங்கள் கையால் எழுதி வெறும் தாளை வைத்து அனுப்புங்கள். போதும்.

நஃபீஸத்துக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. என் தலையணை உறைக்குள் இருந்த உங்கள் கடிதங்களை எடுத்து வாசித்திருக்கிறாள். என்னோடு பேசுவதில்லை. பிள்ளையை என் மடியில் போடுகிறாள், எடுத்துக்கொள்கிறாள், முகத்தைப் பார்ப்பதில்லை. நாற்பதாம் நாள் தண்ணீர் ஊற்றின அன்று தலையைத் துவட்டப் போனேன். துண்டைக் கையில் இருந்து வாங்கிக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஏவுகணை ஒன்று கோபார் பக்கம் பட்டாளத்து ஆட்கள் தூங்கிய இடத்தில் விழுந்ததாம். அக்தர் பானு வீட்டு டி.வி.யில் கொழும்பு ரூபவாஹினி காட்டியது. இரும்புக் கம்பிகள் வளைந்து கிடந்தன. அந்த இடத்துக்கும் உங்கள் கடைக்கும் எவ்வளவு தூரம் என்று யாரிடம் கேட்பேன்? எஸ்.டி.டி. பூத்தில் போய் நின்று அடித்துப் பார்த்தோம். கடை போன் அடிக்கிறது, எடுக்க ஆளில்லை.

இன்றைக்குச் சண்டை முடிந்துவிட்டது என்று சொன்னார்கள். ஊர் அமைதியாக இருக்கிறது. பள்ளிக்கூடத்துச் சுவரில் ஒட்டிய படங்களை ஆடு தின்கிறது. இந்த வாரம் யாரும் பிள்ளைக்கு அந்தப் பெயர் வைக்கவில்லை. வைத்தவர்கள் எல்லோரும் தங்கள் வீட்டில் சும்மா இருக்கிறார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் மட்டும் வாசலில் சைக்கிள் மணி கேட்டாலே கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிறேன்.

ஹமீது பீவி


பம்பாய், மஸ்ஜித் பந்தர், 12-3-1991

மாமிக்கு,

உயிரோடு இருக்கிறேன். முதலில் அதை நஃபீஸத்திடம் சொல்லுங்கள். சொல்லிவிட்டு வந்து மீதியை வாசியுங்கள்.

நீங்கள் தமிழெழுத்தில் எழுதியிருந்தால் அது எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தது ஜனவரி 25-ம் தேதி எழுதியது மட்டும். அதையும் தபால்காரர் கொண்டுவரவில்லை. பிப்ரவரியில் ஒரு காலை, கடையிலிருந்து என்னை ஜீப்பில் ஏற்றிப் போய் ஒரு அறையில் உட்கார வைத்தார்கள். மேசையில் அது இருந்தது. பல இடங்களில் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார்கள்.

அதிகாரி வயதானவர். அடிக்கவில்லை. “இது அரபியும் இல்லை, பாரசீகமும் இல்லை, உருதும் இல்லை. வாசித்து அர்த்தம் சொல்” என்றார். தமிழெழுத்தாக இருந்திருந்தால் வேண்டாததை விட்டுவிட்டு வாசித்திருப்பேன். அவர் விரலை வைத்து எழுத்தெழுத்தாகக் கூடவே வந்தார். நான் ஒரு சொல்லைத் தாண்டினால் விரல் அங்கேயே நின்றது.

ஸலாம், முபாரக். அடுத்த வரி, ஆண் பிள்ளை.

மாமி, எனக்கு மகன் பிறந்திருக்கிறான் என்று அங்கேதான் எனக்குத் தெரிந்தது. என்னால் மேலே வாசிக்க முடியவில்லை. அழுதேன். மாட்டிக்கொண்டதால் அழுகிறேன் என்று நினைத்து, பின்னால் நின்ற சிப்பாய் என் கழுத்தைப் பிடித்தான். அதிகாரி முதல் வட்டத்தில் விரலை வைத்தார். “யார் இது?” என்றார். “என் மகன்” என்றேன். அந்தச் சொல்லை என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

சிப்பாய் சிரித்துவிட்டான். அதிகாரி சிரிக்கவில்லை. இரவெல்லாம் விழித்திருக்கிறான் என்றால் என்ன? தெரு எழுந்துவிடுகிறது என்றால் எந்தத் தெரு? யார் எதிர்த்தாலும் தோற்கமாட்டான் என்று எழுதியது யார்? ஒவ்வொன்றுக்கும், பசி, வயிற்றுவலி, பாட்டிமார் பேச்சு என்று பதில் சொன்னேன். தினமும் அதே கேள்வி, அதே கடிதம். எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. ஏவுகணை விழுந்த ராத்திரியும் உள்ளேதான் இருந்தேன். கதவைப் பூட்டிவிட்டுக் காவல்காரர்கள் பதுங்கப் போய்விட்டார்கள். துண்டு கூட இல்லை. சட்டையைக் கழற்றி மூக்கில் கட்டிக்கொண்டு உங்கள் கடிதத்தையே சொல்லிக்கொண்டிருந்தேன். அவனுடைய மூக்கு உங்களைப் போல என்ற வரி வந்ததும் திரும்பவும் முதலிலிருந்து தொடங்குவேன்.

கடைசி நாள் அந்த அதிகாரி, தன் தம்பி மகன் குவைத்தில் காணாமல் போனதைச் சொன்னார். “உன் மாமியாருக்கு நாங்கள் என்ன செய்தோம்?” என்று கேட்டார். “அவர் ஐந்தாவது வரை படித்தவர், உங்களைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது” என்று சொன்னேன். சொன்னது உங்களுக்கு வலிக்கும். எனக்கு வேறு வழி இல்லை.

கை ரேகை எடுத்து, இனி அந்த நாட்டு மண்ணை மிதிக்கக் கூடாது என்று முத்திரை போட்டு விமானம் ஏற்றிவிட்டார்கள். சம்பள பாக்கி இல்லை, பெட்டி இல்லை. போகும் வழியில் பார்த்தேன், ஏமன்காரர் கடை ஷட்டர் அப்படியே பாதியில் நின்றது.

நம் ஊர்க்காரர்கள் அறையில் தங்கியிருக்கிறேன். ஊருக்கு வரமாட்டேன். என் சொந்த வீடு என்றால் வெறுங்கையோடு வருவேன். அது உங்கள் வீடு. மருமகன் கையை வீசிக்கொண்டு அந்தப் படி ஏறுவதை அக்தர் பானு வீட்டு சன்னல் பார்க்கும். இங்கே ஒரு வேலை பார்த்துக்கொள்கிறேன். நஃபீஸத்திடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள்.

பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டுப் பார்த்தேன். வரவில்லை. வாயைத் திறந்தால் அந்த விரல்தான் கண் முன்னால் வருகிறது. பெயரை மாற்றுங்கள் என்று எழுதவும் முடியவில்லை. முதன்முதலாக என் மகன் என்று நான் ஒத்துக்கொண்டது அந்தப் பெயரைத்தான். எனக்குத் தெரியவில்லை, மாமி. நீங்கள் எப்போதும் தெரிந்தவர், நீங்களே சொல்லுங்கள்.

காஜா முகைதீன்


786
காயல்பட்டினம், 20-3-1991

மருமகனாருக்கு,

இது அரபெழுத்து. தபாலில் போடவில்லை. இனி உங்களுக்கு எழுதும் எதையும் தபாலில் போட என் கை துணியாது. இதைக் கொண்டுவந்து உங்கள் முன் நிற்பவன் பீர் மைதீன். “நான் போயிக் கூட்டியாரேன் மாமி. வெறுங்கையோட வாசப்படி ஏறுதது எப்படின்னு எனக்குத்தான் தெரியும்” என்று அவனாகத்தான் கேட்டான். வழிச் சோறு கட்டிக் கொடுக்கப் போனேன், நோன்பு என்றான். திரும்பி வரும் அன்றைக்கு உங்களோடு ஒரே சஹனில் உட்கார்ந்து நோன்பு திறப்பதாகச் சொல்லியிருக்கிறான். இந்தத் தடவை எழுந்து போகமாட்டானாம்.

ஐந்தாவது வரை படித்தவள் என்று சொன்னதில் தப்பில்லை. ஐந்தாவதில் முதல் மார்க் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

உங்கள் மாமா கொழும்பிலிருந்து தகரப்பெட்டியோடு வந்து நின்றதும் இதே வாசல்தான். அப்போது இது என் உம்மாவின் வீடு. என் உம்மா ஊஞ்சலில் இருந்தாள். “வாங்கோ” என்று சொல்லவில்லை. பெட்டியைப் பார்த்தாள், பெட்டிக்குப் பின்னால் வேறு ஏதாவது வருகிறதா என்று பார்த்தாள். அவர் நின்றார். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவருக்குள் ஒன்று போய்விட்டது. கடை எரிந்ததில் போகாதது அது. அதற்குப் பிறகு கடைசி வரை இந்த வீட்டில் வயிறாரச் சாப்பிட்டவரில்லை அவர். அந்த ஊஞ்சலில் இப்போது நான் உட்காருகிறேன். உங்களை அப்படி நிற்க விடுவேன் என்று நினைத்துவிட்டீர்களா?

நஃபீஸத் நேற்றுதான் என்னோடு பேசினாள். பேசியது ஒரே ஒரு வார்த்தை. “வருவாங்களா?” முன்பு என்றால் வருவார் என்று அடித்துச் சொல்லியிருப்பேன். இப்போது எதையும் அடித்துச் சொல்லப் பயமாக இருக்கிறது. மெட்ராஸில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறுங்கள். ஜங்ஷனில் இறங்கினால் திருச்செந்தூர் பஸ். ஆழ்வார்திருநகரி தாண்டியதும் ஆற்றுக் காற்று முகத்தில் அடிக்கும், அப்போது பீர் மைதீன் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் வருகிற நேரம் சாயங்காலமாக இருந்தால் ஊரில் சங்கு ஊதும். நோன்பு திறக்கிற சங்குதான். ஓட வேண்டாம். நான் பெரிய தெரு வாசலில், வெளியே வந்து நிற்பேன். அக்தர் பானு சன்னல் வழியாக என்னைப் பார்க்கட்டும், உங்களைப் பார்க்க அவளுக்கு நேரம் இருக்காது.

பெயர் விஷயத்தில் என்ன செய்வது என்று என்னையே கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் தெரியவில்லை. நான் சொன்ன பெயரால்தான் இவ்வளவும். இனி நான் சொல்வதில்லை. லெப்பையிடமும் சொல்லிவிட்டேன். நீங்கள் வந்து, பிள்ளையை மடியில் வாங்கி, அவன் காதில் எதைச் சொல்கிறீர்களோ அதுதான் பெயர். மீரான் என்றாலும் சரி, பழையதே இருக்கட்டும் என்றாலும் சரி. அதுவரை இந்த வீட்டில் யாரும் அவனுக்கு எந்தப் பெயரும் சொல்லக் கூடாது என்று கட்டளை போட்டிருக்கிறேன். அக்தர் பானு மறந்துபோய் வாசலில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிட்டாள். நான் பார்த்த பார்வையில் அப்படியே திரும்பிப் போய்விட்டாள்.

இப்போது பிள்ளையைக் கை தட்டித்தான் கூப்பிடுகிறோம். தட்டினால் முகத்தைத் திருப்பிப் பார்க்கிறான். எனக்குக் கை வலிக்கிறது. சீக்கிரம் வாருங்கள்.

ஹமீது பீவி